ஆற்றின் எல்லையும் ஆட்சியின் எல்லையும்
காரைக்கால் வட்டாரத்து ஐட்ரோகார்பன் எதிர்ப்பு எழுச்சி பற்றிய ஓர் ஆய்வு

1. நுவல்பொருள்

காவிரி கடலோடு கலக்கும் கடைமடை நாட்டில், 2010ஆம் ஆண்டிற்குப் பின்னர், நிலத்தடி எரிபொருள்களை அகழ்ந்தெடுக்கும் திட்டங்களுக்கு எதிராக ஓர் எழுச்சி தோன்றி வளர்ந்தது. உழவர் தொடங்கிய அவ்வெழுச்சியில் மாணவரும் இளைஞரும் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர். அதனை அரசியல் நிகழ்ச்சி என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. நிலத்தைப் பற்றித் தமிழ் மக்கள் கொண்டுள்ள கருத்து, அக்கருத்தை உணர்த்தும் சொற்கள், அந்நிலத்தைப் பிரித்து ஆளும் எல்லைகள் ஆகிய மூன்றும் அதன்கண் ஒருங்கு வந்து பொருந்துகின்றன. இம்மூன்றும் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் காரைக்கால். ஆதலின், காரைக்காலை நடுவிடமாகக் கொண்டு, அவ்வெழுச்சியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும், அதனால் விளைந்த பயனையும் எஞ்சி நிற்கும் குறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் எல்லையும்

காரைக்கால் ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைக் கொண்டது. கிழக்கே கடல்; ஏனைய முப்புறமும் தமிழ்நாட்டு நிலம். அரசலாறு, நாட்டாறு, நண்டலாறு, திருமலைராசனாறு முதலிய காவிரிக் கிளைகள் இப்பகுதியை நனைத்துக் கடலை அடைகின்றன. பண்டையோர் வகுத்த திணைப் பாகுபாட்டின்படி நோக்கின், மருதமும் நெய்தலும் கைகோத்து நிற்கும் நிலம் இது எனலாம்.

இத்துணைச் சிறிய நிலம் தனியாட்சிக்கு உட்பட்டமைக்குக் காரணம் வரலாறே. 1739ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாளில் இணைப்பு முறைப்படி நிறைவுற்றது. அன்று முதல் காரைக்கால் புதுவை ஒன்றியப் பகுதியின் ஓர் உறுப்பாக உள்ளது. தலைநகராகிய புதுவையோ வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடையில் கிடப்பது முழுதும் தமிழ்நாடு.

ஆறு இவ்வெல்லையை அறியாது. ஆற்றுநீரைப் பங்கிட்ட நடுவர் மன்றம் அதனை உணர்ந்தே தீர்ப்பு வழங்கியது. 2007ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் காவிரி நடுவர் மன்றம் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுவைக்கு 7 டி.எம்.சி., அஃதாவது 700 கோடிக் கன அடி நீர் ஒதுக்கப்பட்டது. அந்நீர் காரைக்கால் வயல்களுக்கு உரியது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவ்வளவை மாற்றவில்லை. எனவே, நீரைப் பொறுத்தவரை காரைக்கால் காவிரிப் படுகையின் பிரிக்கவியலாத பகுதி என்பது சட்டத்தாலேயே ஏற்கப்பட்ட உண்மையாகும். நிலத்தைப் பொறுத்தவரை அவ்வுண்மை ஏற்கப்பட்டதா என்பதே ஈண்டு எழும் வினா.

3. நிலத்தடிப் பொருளும் அதனை எடுக்கும் முறையும்

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் பணி புதியதன்று. 1960களிலேயே காரைக்கால் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் இடப்பட்டன. பின்னர் நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், குத்தாலம் முதலிய இடங்களில் கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் கிடைத்தன. 1993ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகைப் பணிமனை காரைக்காலை அடுத்த நிரவியிலேயே அமைந்தது. அக்கழகத்தின் பணி நெடுங்காலம் பெரிய எதிர்ப்பின்றி நடைபெற்றது. அங்ஙனமாயின், 2010க்குப் பின்னர் எதிர்ப்பு எழுந்தது ஏன்? எடுக்கும் பொருளின் தன்மையும் எடுக்கும் முறையும் மாறியமையே இதற்கு விடையாகும்.

மணற்பாறையின் இடைவெளிகளில் தேங்கி நிற்கும் எண்ணெயும் வாயுவும் துளையிட்டவுடன் பெரும்பாலும் தம் அழுத்தத்தாலேயே மேலே வரும். நிலக்கரிப் படுகையில் உள்ள மீத்தேன் வாயுவோ அத்தகையதன்று. அது கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, நிலத்தடி நீரின் அழுத்தத்தால் கட்டுண்டு கிடக்கிறது. அதனை விடுவிக்க வேண்டுமாயின் முதற்கண் அப்படுகையில் உள்ள நீரை இறைத்து வெளியேற்றல் வேண்டும். நீர் குறைய அழுத்தம் குறையும். அழுத்தம் குறைய வாயு வெளிப்படும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்கச் சுரங்கத்தின் அடியிலுள்ள நீர் இடையறாது இறைக்கப்பட்டு வருவதைக் கடலூர் மாவட்டத்து உழவர் நன்கறிவர். கடலோர நிலத்தில் நன்னீர் மட்டம் தாழுமாயின் உவர்நீர் உட்புகும். வெளியேற்றப்பட்ட நீரும் உப்பு மிகுந்ததாயின், அதனை எங்கே விடுவது என்ற வினாவும் எழும். கடைமடை உழவரின் அச்சத்திற்கு இதுவே அடிப்படை. 

களிப்பாறையில் அடைபட்டுள்ள வாயுவை எடுக்கும் முறை வேறு. அங்கு நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்திப் பாறையில் வெடிப்பு உண்டாக்குவர். இதற்கு நீர் மிகுதியாகத் தேவைப்படும். ஆகவே, மூன்று முறைகளும் ஒரு தன்மையன அல்ல. அவற்றால் விளையும் தீங்கும் ஓர் அளவினது அன்று.

இவ்வேறுபாட்டைத் துண்டறிக்கைகளும் மேடைப் பேச்சுகளும் எப்பொழுதும் பேணவில்லை. எல்லாவற்றையும் 'ஐட்ரோகார்பன்' என்னும் ஒரே சொல்லால் குறித்தன. இதனை அறியாமை என்று கூறுவார் உளர். ஆனால் 2016ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த புதிய உரிமக் கொள்கை, எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை வாயு ஆகிய எல்லாவற்றிற்கும் ஒரே உரிமம் போதும் என்று விதித்தது. உரிமம் பொதுவானபொழுது மக்கள் வழக்கில் சொல்லும் பொதுவாயிற்று. எனவே, அச்சொல்லின் பொருள் விரிவு மக்களின் மயக்கத்தால் நேர்ந்ததன்று. கொள்கையின் விரிவைப் பின்பற்றி நேர்ந்தது என்று கொள்வதே பொருந்தும்.

4. எழுச்சியின் வளர்ச்சி

2010ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மன்னார்குடி வட்டாரத்தில் ஏறத்தாழ 690 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கக் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்னும் நிறுவனம் ஒப்பந்தம் பெற்றது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர்தோறும் சென்று அதன் விளைவுகளை எடுத்துரைத்தார். அப்பணியின் இடையிலேயே 2013ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் பட்டுக்கோட்டைப் பகுதியில் அவர் உயிர் நீத்தார். அவரைப் பின்பற்றிய இளைஞர் பலர் வேளாண்மையிலும் பரப்புரையிலும் ஒருங்கே ஈடுபட்டனர். 2015ஆம் ஆண்டில் தமிழக அரசு அத்திட்டத்திற்கு இசைவளிக்க மறுத்து ஆணையிட்டது.

இரண்டாம் நிலை 2017ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டு சனவரித் திங்களில் சல்லிக்கட்டின் பொருட்டு இளைஞர் தமிழகமெங்கும் திரண்டிருந்தனர். அடுத்த திங்கள் 15ஆம் நாளில், முன்னரே கண்டறியப்பட்ட சிறு எண்ணெய் வயல்களைப் பல நிறுவனங்களுக்கு அளிக்க ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. அவ்வயல்களுள் இரண்டு இப்பகுதியைச் சார்ந்தவை. ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல்; மற்றொன்று காரைக்கால். காரைக்கால் வயல் பாரத் பெட்ரோ ரிசோர்சஸ் நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. நெடுவாசலின் பெயர் நாடெங்கும் பரவியது. அதே பட்டியலில் இருந்த காரைக்காலின் பெயரோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. அன்றைய புதுவை முதலமைச்சர் வே. நாராயணசாமி இத்திட்டத்தை ஏற்க இயலாது என்று அறிவித்தார்.

நெடுவாசலில் ஊரார் தொடங்கிய அறப்போரில் வெளியூர் மாணவரும் இளைஞரும் கலந்துகொண்டனர். இடையில் ஒருமுறை நிறுத்தப்பட்டு, ஏப்ரலில் மீண்டும் தொடங்கிய அப்போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவும் தீயும் ஏற்பட்டன. தொடர்ந்து பலர் சிறைப்படுத்தப்பட்டனர். இவ்விரு ஊர்களின் போராட்டத்திற்கு ஆதரவாகத் துண்டறிக்கை வழங்கிய சேலத்து மாணவி ஒருவர் சூலைத் திங்களில் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. ஒரு தாளில் அச்சிட்ட சில வரிகளை அரசு எத்துணை வலியுடையனவாகக் கருதியது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

மூன்றாம் நிலை கடலையும் தழுவியது. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் புதிய கொள்கையின்படி முதற்சுற்று உரிமங்கள் வழங்கப்பட்டன. தமிழ்நாட்டையும் புதுவையையும் சார்ந்த மூன்று வட்டாரங்களுள் இரண்டு வேதாந்தா நிறுவனத்திற்கும் ஒன்று எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்திற்கும் கிடைத்தன. அவற்றிற்கு எதிராக 2019ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாளில் மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்திற்கு மனிதச் சங்கிலி அமைக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. புதுவையும் காரைக்காலும் அதன் வழியில் அமைந்தன. அன்று சாலையோரம் கைகோத்து நின்றோர் தமிழ்நாட்டு எல்லை எங்கே முடிகிறது, புதுவை எல்லை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை. படுகை முழுவதையும் ஒரே நிலமாகக் கண்டமையே அச்சங்கிலியின் உட்பொருள் எனலாம்.

5. சொல்லும் செயலும்

இவ்வெழுச்சியில் மேற்கொள்ளப்பட்ட முறைகள் நாட்டு வழக்கோடு இயைந்தவை. நெடுவாசலில் மகளிர் ஒப்பாரி வைத்தும் கும்மியடித்தும் தம் எதிர்ப்பைப் புலப்படுத்தினர். ஒப்பாரி இறந்தார்க்கு உரியது. அதனை உயிருள்ள நிலத்தின்பொருட்டுப் பாடுதல் வழக்கிற்கு மாறானது. அம்மாறுபாடே கேட்போர் உள்ளத்தைத் தொட்டது. படித்த இளைஞரோ திட்ட அறிக்கைகளைத் தமிழில் எளிமைப்படுத்தி உழவர்க்கு விளக்கினர். ஊராட்சிகளின் கிராம சபைக் கூட்டங்களில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. உழவர்க்கு நிலமும் வயது முதிர்ந்த பட்டறிவும் இருந்தன. இளைஞர்க்கு எழுத்தும் விரைவும் இருந்தன. இரண்டும் சேர்ந்தமையால் எழுச்சி நிலைபெற்றது.

அவர்கள் மிகுதியும் ஆண்ட சொல் 'பாலைவனம்' என்பது. நெற்களஞ்சியம் பாலைவனமாகும் என்ற எச்சரிக்கை எல்லா ஊர்களிலும் ஒலித்தது. இதனை வெறும் மிகையுரை என்று தள்ளுதல் எளிது. ஆனால் தமிழ் மரபில் பாலை என்பது இயற்கையாக அமைந்த தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து எய்தும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. பாலை ஓர் இடத்தைக் குறிப்பதினும், ஒரு நிலம் கெட்டுப்போன நிலையைக் குறிக்கிறது. அம்மரபில் திரிபுக்குக் காரணம் கதிரவன் வெம்மை. இன்றைய இளைஞர் அஞ்சிய திரிபுக்குக் காரணம் மாந்தர் செயல்; திரியும் நிலமும் முல்லையோ குறிஞ்சியோ அன்று, மருதம். நூல்கள் கூறாத ஒரு மாற்றத்தை நூல்கள் தந்த சொல்லாலேயே அவர்கள் கூறினர். அவர்களுள் பலர் அந்நூலைக் கற்றிராமலும் இருக்கலாம். எனினும் சொல்லுள் உறைந்த கருத்து வழக்கில் தொடர்ந்து வந்துள்ளது.

6. சட்டம் நின்ற இடம்

2020ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாளில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு மாற்றம் செய்தது. அதன்படி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைத் தேடும் ஆய்வுப் பணிகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாயிற்று. இதற்கு எதிர்ப்பு மிகுந்தது. அடுத்த திங்களில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்தார். பிப்ரவரி 20ஆம் நாளில் அதற்கான சட்டம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுதலையும் எடுத்தலையும் அச்சட்டம் தடை செய்தது. முன்னரே நடைபெற்று வந்த பணிகளை அது தொடவில்லை. அக்குறை இருப்பினும், ஊர்தோறும் எழுந்த குரல் சட்டமாக உருப்பெற்றமை சிறப்புடைய நிகழ்ச்சியே.

ஆனால் அச்சட்டம் காரைக்கால் எல்லையில் நின்றுவிட்டது. ஒரு மாநிலத்தின் சட்டம் அம்மாநிலத்திற்கு அப்பால் செல்லாது என்பது வெளிப்படை. ஆகவே, முப்புறமும் பாதுகாக்கப்பட்ட மண்டலம் சூழ, நடுவே உள்ள கடைமடை நிலம் மட்டும் அப்பாதுகாப்பின்றி எஞ்சியது. ஒரே வாய்க்காலில் நீர் பாயும் இரண்டு வயல்களுள், எல்லைக்கு மேற்கேயுள்ளதற்குச் சட்டக் காப்பு உண்டு. கிழக்கேயுள்ளதற்கு அச்சட்டத்தின் காப்பு இல்லை.

புதுவைச் சட்டமன்றம் 2019ஆம் ஆண்டிலேயே ஐட்ரோகார்பன் திட்டத்திற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் மன்றத்தின் கருத்தை அறிவிக்கும். சட்டமோ பிறரைக் கட்டுப்படுத்தும். சட்டமே இயற்றினும், 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டத்தின்படி, அது நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்படுமிடத்து நாடாளுமன்றச் சட்டமே நிலைக்கும். எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்துதல் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 53ஆம் இடத்தில் வைக்கப்பட்டுள்ள பொருள். தமிழ்நாடு வேளாண்மை, நிலம் என்னும் மாநிலப் பட்டியற் பொருள்களைப் பற்றி நின்று தன் சட்டத்தை அமைத்தது. புதுவைக்கு அவ்வழி முற்றும் அடைபட்டதன்று. ஆனால் மிகவும் குறுகியது.

இனி, கிராம சபையின் நிலையும் கருதத்தக்கது. புதுவை ஒன்றியப் பகுதியில் 1968க்குப் பின்னர் நெடுங்காலம் கழித்து 2006ஆம் ஆண்டிலேதான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாது நின்றது. ஆகவே, எல்லைக்கு அப்பால் உள்ள ஊர் இளைஞர் தம் ஊராட்சி மன்றத்தின் வாயிலாகத் தீர்மானம் இயற்றி அனுப்பியபொழுது, காரைக்கால் ஊர்களில் அவ்வாறு பேசுதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லை. அடிநிலை மக்களின் எழுச்சிக்கு அடிநிலை மன்றமே இல்லாத நிலை இது.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். 2009ஆம் ஆண்டில் காரைக்கால் பகுதியின் தென்கோடியில் வாஞ்சூரை ஒட்டித் தனியார் துறைமுகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அங்கு இறக்கப்படும் சரக்குகளுள் நிலக்கரி முதன்மையானது. அக்கரித் தூசு காற்றில் பரந்து தம் வீடுகளிலும் படிகின்றது என்று எல்லைக்கு அப்பாலுள்ள நாகூர் மக்கள் பலமுறை முறையிட்டனர். முன்னர்க் கண்டவாறு தமிழ்நாட்டுச் சட்டம் காரைக்காலுக்குள் செல்லவில்லை. காரைக்கால் துறைமுகத்தின் தூசோ தமிழ்நாட்டிற்குள் சென்றது. காப்பு எல்லையில் நிற்க, கேடு எல்லையைக் கடந்தது என்று சுருங்கக் கூறலாம்.

7. எரிபொருளும் அதற்கு மாற்றும்

எதிர்ப்பு மட்டும் போதுமா என்ற வினாவை நடுநிலையாளர் எழுப்புவர். அவ்வினா முறையானதே. இந்தியா தனக்கு வேண்டும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகின்றது. உள்நாட்டில் எடுக்கும் ஒவ்வொரு பீப்பாயும் அச்சுமையைக் குறைக்கும் என்பது அரசின் வாதம். மேலும், காரைக்காலுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. திருமலைராயன்பட்டினத்தில் 2000ஆம் ஆண்டு முதல் 32.5 மெகாவாட் திறனுள்ள எரிவாயு மின்நிலையம் ஒன்றைப் புதுவை மின்திறல் கழகம் இயக்கத் தொடங்கியது. படுகைக் கிணறுகளின் இயற்கை எரிவாயுவே அதற்கு எரிபொருள். காரைக்கால் இல்லங்களில் ஏற்றிய விளக்கிற்கும் நிலத்தடி வாயுவிற்கும் இத்தகைய உறவு உண்டு. கழகத்தின் பணியால் வாழும் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் உள்ளன. இவற்றை மறைத்துப் பேசுதல் ஆய்வாளர்க்கு அழகன்று.

எனவேதான் தூய ஆற்றலைப் பற்றிய பேச்சு எதிர்ப்போடு இணைந்து செல்லுதல் வேண்டும். வெயில் மிகுந்த இக்கடற்கரையில் கூரைகளின்மேல் கதிரவன் மின்தகடுகளை அமைக்க இடமுண்டு. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைத் திட்டம் ஒரு வீட்டிற்கு 78,000 ரூபாய் வரை உதவி வழங்குவதாக அமைந்தது. 2019இல் தொடங்கப்பட்ட மற்றொரு திட்டம் உழவரின் நீரிறைப்புக் கருவிகளைக் கதிரவன் ஆற்றலுக்கு மாற்ற உதவியது. ஆனால் ஈண்டும் விழிப்பு வேண்டும். செலவின்றி இயங்கும் கருவி அளவின்றி நீரிறைக்கத் தூண்டும். கடலோரத்தில் அளவின்றி இறைப்பின் உவர்நீர் புகும். மீத்தேன் திட்டத்தில் அஞ்சிய தீங்கே வேறு வாயிலால் வந்து சேரும். மின்தகடுகளை விளைநிலத்தில் பரப்பினும் நெல் இழப்பே எஞ்சும். கூரை, பள்ளிக் கட்டடம், களம், உவர்ப்பால் பயன்படாத தரிசு ஆகியவையே அவற்றிற்கு உரிய இடங்கள்.

மீத்தேனைப் பற்றியும் ஒன்று கூறலாம். சாணத்தையும் வைக்கோலையும் காற்றுப் புகாத தொட்டியில் மட்கச் செய்தால் வெளிப்படும் வாயுவிலும் முதன்மையாக இருப்பது மீத்தேனே. சாண எரிவாயு அடுப்பைக் கண்ட நாட்டுப்புறத்தார்க்கு இது புதிய செய்தியன்று. நிலத்தைத் துளைத்தும் நீரை இறைத்தும் பெறும் அதே வாயுவை நிலத்தின்மேல் உள்ள கழிவிலிருந்தே ஓரளவு பெறலாம். எஞ்சும் சக்கை வயலுக்கு எருவாகும். தேவை முழுவதையும் இது நிறைவு செய்யாது. எனினும் ஊரளவில் செய்யத்தக்க முயற்சி இது. செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரியும் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் காரைக்காலிலேயே உள்ளன. உழவியலும் பொறியியலும் கற்கும் இளைஞர் ஒரே வட்டாரத்தில் இருத்தல் பெரும்பேறு. எதிர்த்து நின்ற கைகள் ஆக்கவும் வல்லன என்பதைக் காட்ட இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

8. முடிவுரை

இளைஞர் முயற்சி சிறிய இடத்தில் தோன்றிப் பெரிய மன்றத்தை எட்டுதல் உலகிலும் நிகழ்ந்துள்ளது. பசிபிக் தீவுகளைச் சார்ந்த சட்ட மாணவர் சிலர் 2019ஆம் ஆண்டில் எழுப்பிய வேண்டுகோளை வனுவாட்டு என்னும் சிறு நாடு ஏற்று உலக நாடுகளிடம் கொண்டு சென்றது. அதன் பயனாக, பருவநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமை என்ற கருத்துரையைப் பன்னாட்டு நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வழங்கியது. கடல் சூழ்ந்த தீவுக்கு நேர்ந்தது, பிற ஆட்சி சூழ்ந்த காரைக்காலுக்கும் பொருந்தும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கருத்து ஒன்றே. காவிரிப் படுகை இயற்கையால் ஒன்று; ஆட்சியால் இரண்டு. நீரைப் பங்கிட்டபொழுது காரைக்கால் படுகையின் உறுப்பாக மதிக்கப்பட்டது. நிலத்தைக் காத்தபொழுது விடுபட்டது. 2019இல் கைகோத்து நின்ற இளைஞர் அறிந்திருந்த எல்லை ஆற்றின் எல்லை. சட்டம் அறிந்த எல்லை ஆட்சியின் எல்லை. புதுவைத் தீர்மானம் சட்டமாதலும், ஊராட்சிகள் மீண்டும் உயிர்பெறுதலும், இரு அரசுகளும் படுகை முழுவதற்கும் ஒத்த காப்பினை வகுத்தலும் நிகழ்ந்தாலன்றி அவ்விரண்டு எல்லைகளும் ஒன்றாகா. அதுவரை, கடைமடை நிலத்தின் காப்பு அதனை உழும் மக்களின் விழிப்பையும் அவர்தம் மக்களின் கல்வியையுமே சார்ந்து நிற்கும்.